கொம்பு வில்: எதை வாங்குவது, எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் சேர்த்து ஒட்டும் பழங்கால வில்லை நானே செய்ய ஆசை. தேவையான பொருள்கள் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வருகின்றன. ‘ஒரு மாதத்தில் வில் தயார்’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே இருக்கும் பொருள் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இந்த வில் ஒரு மாதத்தில் ஆகிற காரியமில்லை. அது தெரியாதவரிடமோ, தெரிந்தும் மறைப்பவரிடமோ கொம்பு வாங்கக் கூடாது.

நாணை இழுக்கும்போது வில்லின் உட்பக்கம் நசுங்கும், முதுகுப் பக்கம் நீளும். நசுக்கத்தைக் கொம்பு தாங்குகிறது, நீட்சியைத் தசைநார் தாங்குகிறது, நடுவில் மரம். மூன்றையும் பிடித்து வைத்திருப்பது பசை. தசைநாரைப் பசையில் தோய்த்து முதுகில் படிய வைக்கும்போது நிறையத் தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. சில நாளில் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஒரு அடுக்கு காய வாரக்கணக்கு, கடைசி அடுக்குக்குப் பிறகு மாதக்கணக்கு. உஸ்மானியத் துருக்கியர் காலத்து வில் செய்வோர் ஒரு வில்லுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டார்கள். காயக் காயத் தசைநார் சுருங்கி, வில்லை எதிர்ப்பக்கமாக வளைக்கும். வில்லுக்குப் பலம் ஏறத் தொடங்குவதே அங்கேதான். பெட்டியில் விலங்குப் பசைக்குப் பதில் எபாக்ஸி என்னும் செயற்கைப் பசை கொடுத்திருந்தால் அந்தச் சுருக்கம் கிடைக்காது.

எனவே பொருள்களைத் தனித்தனியாக வாங்குங்கள். பணத்தை முதலில் கொம்பில் போடுங்கள். எருமைக் கொம்புதான் ஏற்றது. மாட்டுக் கொம்பு பெரும்பாலும் நீளம் போதாது, அடுக்கடுக்காகப் பிரியவும் செய்யும். வில்லின் இரு பாதிக்கும் ஒவ்வொன்றாக வேண்டிய இரண்டு கொம்புப் பட்டைகளும் ஒரே எருமையின் இரு கொம்புகளிலிருந்து வந்தவையா என்று கேளுங்கள். அப்போதுதான் வில்லின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளையும். பட்டையின் வெட்டு முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெங்காயத் தோல் போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்துக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது பசை. தச்சர்கள் வஜ்ரம் என்று சொல்லும் தோல் பசை போதும். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை இன்னும் உயர்ந்தது, கொரிய வில்லில் அதுதான். கொஞ்சம் வாங்கிக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும். ஒரு சொட்டை இரு விரல்களுக்கு நடுவில் வைத்து ஒட்டி ஒட்டிப் பிரியுங்கள். ஆறும்போது நூல் நூலாக இழுபட்டால் நல்ல பசை. அப்புறம் மொத்தமாக வாங்கலாம்.

தசைநார் கால் பகுதியிலிருந்து எடுத்துக் காயவைத்ததாக இருக்கட்டும். தட்டிப் பிரித்துத் தயாராக விற்பதை வாங்கினால் பல நாள் வேலை மிச்சம். கையில் கொழுப்புப் பிசுக்கு ஒட்டினால் மட்டும் எடுக்காதீர்கள், அதில் பசை பிடிக்காது. மரம் பெரிய செலவில்லை: துருக்கிய வில்லில் மேப்பிள், கொரிய வில்லில் மூங்கில். வரி நேராக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

வேறு நாட்டிலிருந்து வரவழைப்பதானால், விலங்குப் பொருளுக்கான சான்றிதழ் யார் பொறுப்பு என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘அசல் கொம்பு வில்’ என்று மலிவாக ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தோல் போர்த்திய கண்ணாடியிழை வில்லையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். பழகுவதற்கு அது நல்ல வில்தான். ஆனால் கொம்பு என்று சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்று. நாண் கழற்றிய நிலையில் ஒரு படம், முதுகை மூடும் முன் தசைநார் தெரிய எடுத்த ஒரு படம், இரண்டையும் கேளுங்கள். நாண் கழற்றினால் அசல் வில் எதிர்ப்பக்கம் நன்றாகச் சுருண்டுகொள்ளும். கடைசியாகத் தசைநார் படிய வைத்தது எந்த மாதம் என்றும் கேளுங்கள். தானே செய்தவர் உடனே சொல்வார். இழுக்கத் தேவையான விசை ‘45 பவுண்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எத்தனை அங்குல இழுப்பில் 45 என்பதும் வேண்டும்.

கேள்வி: போன வருடம் வாங்கிய கொம்பு வில் மழைக்காலத்தில் தளர்ந்துவிட்டது. குறைபாடு என்று திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். தசைநாரும் பசையும் ஈரம் குடித்தால் எந்தக் கொம்பு வில்லும் தளரும். கொரியாவில் இந்த வில்லை வைப்பதற்கென்றே வெதுவெதுப்பான பெட்டி உண்டு. நாணைக் கழற்றி, உலர்ந்த மிதமான சூட்டில் சில நாள் வையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வேண்டாம். பிறகு இழுத்து அளந்து பார்த்து, பலம் திரும்பவில்லை என்றால் விற்றவரிடம் பேசுங்கள். கொம்பின் விளிம்பில் முடி அளவு இடைவெளி தெரிந்தால் மட்டும் நாணே ஏற்ற வேண்டாம். அப்படியே படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.