ஒப்பந்தம் இருக்கிறது, பணம் இருந்ததா?

கேள்வி: சென்னை பட்டாளத்தில் 19 ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபோது பட்ட கஷ்டமெல்லாம் இந்தத் தெருவுக்கே தெரியும். 2023 மார்ச்சில் இந்தக் கால் கிரவுண்டு வீட்டை 46 லட்சத்துக்கு எனக்கே தருவதாகச் சொல்லி வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதினோம், பதிவு செய்யவில்லை. முன்பணம் 7 லட்சம், மீதியைக் கொடுக்க ஆறு மாதக் கெடு. கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் இல்லை என்று வங்கி கடன் தர மறுத்துவிட்டது. 'கொஞ்சம் டைம் கொடுங்கள்' என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், அவரும் சரி என்றார். இனி நம் வீடுதானே என்று 3 லட்சம் செலவழித்து மாடியைச் சரி செய்தேன். 14 மாதமாக வாடகையும் தரவில்லை. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்த பிறகு அவருக்கு ஆசை வந்துவிட்டது. இப்போது 65 லட்சம் கேட்கிறார், இல்லாவிட்டால் காலி செய்யச் சொல்கிறார். பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்கிறார் புரோக்கர். மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கடிதம் நான்கு பக்கம். அதில் வழக்குக்கு ஆகும் வரி ஒன்றுதான்: 'கொஞ்சம் டைம் கொடுங்கள்.' அதுவும் உங்களுக்கு எதிரான வரி.

போலீஸ் பேச்சை விட்டுவிடுங்கள். விலை ஏறியதும் வார்த்தை மாறுவது ஒப்பந்த மீறல், அதற்கு இடம் சிவில் நீதிமன்றம். ஒப்பந்தம் போட்ட அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. அப்பாவின் மில் வேலை, 19 வருடக் குடித்தனம், வீட்டுக்காரரின் ஆசை மூன்றையும் நீதிபதி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். தீர்ப்பில் அவை வராது. மாடிக்குச் செலவழித்த 3 லட்சமும், வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல், வாடகைக்காரர் தன் வசதிக்குச் செய்துகொண்டதாகவே பார்க்கப்படும்.

புரோக்கர் சொன்னது பாதி சரி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் பதிவாகாத ஒப்பந்தத்தையும், கிரயம் செய்து தரக் கேட்டுப் போடும் வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. எனவே உங்கள் காகிதம் செத்துப்போகவில்லை. வழக்குப் போடலாம். ஜெயிப்பீர்களா என்பதுதான் கேள்வி.

அதற்கு நீங்கள் நிரூபிக்க வேண்டியது, ஒப்பந்தத் தேதியிலிருந்து தீர்ப்பு வரை பாக்கி 39 லட்சத்தைக் கொடுக்க நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்பதை. குறித்த நிவாரணச் சட்டத்தின் 16(சி) பிரிவு கேட்பது இதைத்தான். விருப்பம் உங்களுக்கு இருந்தது, சந்தேகமில்லை. தயார்நிலை என்றால் பணம். பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கேட்ட நேரத்தில் புரட்ட முடியும் என்பதற்கு வங்கி இருப்பு, வைப்புத்தொகை, கடன் அனுமதிக் கடிதம் என ஏதாவது வேண்டும். உங்களிடம் இருப்பது கடன் மறுப்புக் கடிதம். கெடு முடிந்த 2023 செப்டம்பரில் உங்கள் கையில் 39 லட்சம் இல்லை என்பதற்கு நீங்களே வைத்திருக்கும் ஆதாரம் அது. வீட்டுக்காரரின் வக்கீல் அதைக் கேட்டு வாங்கி, உங்கள் வாட்ஸ்அப் செய்திக்குப் பக்கத்தில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்வார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அவர் 'சரி' என்றாரே என்பீர்கள். எத்தனை நாளுக்குச் சரி? தேதி போட்டு எழுதி வாங்காத வரை அந்த வார்த்தைக்கு எடை குறைவு. மதுரை வீடு ஒன்றின் வழக்கைச் சொல்கிறேன். விலை 60,000 ரூபாய், முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்க வந்தவர் இரண்டரை வருடம் சும்மா இருந்துவிட்டு நோட்டீஸ் விட்டார். நகரங்களில் விலை வேகமாக ஏறும்போது வாங்குபவர் இப்படிக் காத்திருக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1997-ல் அவருக்குக் கிரயம் தர மறுத்தது. உங்கள் கதைக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

இதை விட எனக்குக் கவலை தருவது வாடகையை நிறுத்தியது. வாங்க ஒப்பந்தம் போட்ட வாடகைக்காரர்கள் பெரும்பாலும் விழும் குழி இது. ஒப்பந்தம் கையெழுத்தான மறுமாதமே வாடகை நின்றுவிடும். 'வாங்கப்போகிற வீட்டுக்கு வாடகை எதற்கு?' என்று தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள். விற்பனை ஒப்பந்தம் சொத்தை உங்களுக்கு மாற்றவில்லை. வாடகை உறவு இன்றோடு முடிந்தது, இனி வாங்குபவராகக் குடியிருக்கிறார் என்று அந்தக் காகிதத்தில் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, நீங்கள் இன்னும் வாடகைக்காரர்தான். விலையில் பெரும்பகுதி முன்பணமாகவே கைமாறிய வழக்கு ஒன்றில் 2000-ல் உச்ச நீதிமன்றம் வாடகைக்காரர் பக்கம் சொன்னது உண்டு. அந்தத் தீர்ப்பை யாராவது உங்களிடம் காட்டியிருக்கலாம். அங்கே விலையில் பெரும்பகுதி கொடுத்தாகிவிட்டது. நீங்கள் கொடுத்தது ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. ஒப்பந்தத்தில் தெளிவான வாசகம் இல்லாவிட்டால் வாடகை உறவு தொடரும் என்று 2019-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விளைவைப் பாருங்கள். வாடகைச் சட்டத்தில் இரண்டு மாத பாக்கியே காலி செய்யச் சொல்வதற்குப் போதும். நீங்கள் 14 மாதம் வைத்திருக்கிறீர்கள். அவர் உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பாக்கிக்காக மட்டும் வாடகை நீதிமன்றம் போகலாம். அங்கே போய் 'நான் வாங்குபவன், என்னை வெளியேற்ற முடியாது' என்று சொல்ல உதவும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 2001-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு மட்டுமே துணை நிற்கும். உங்களுக்கு நிற்காது.

வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு பெரிய பிடி என்று உங்களுக்குத் தெரியவில்லை. ஒப்பந்தம் பதிவாகாததால் வில்லங்கச் சான்றில் வராது. வீட்டுக்காரர் நாளைக்கே வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால், 'எனக்கு எதுவும் தெரியாது, நல்லெண்ணத்தோடு வாங்கினேன்' என்று அவர் சொல்வார். அதை மறுக்க உங்களுக்கு இருக்கும் நல்ல வாதம், நீங்கள் வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பது. குடியிருப்பவரிடம் என்ன உரிமை என்று கேட்காமல் வாங்கியவர், அது தெரிந்தே வாங்கியவராகக் கருதப்படுவார். அந்தப் பிடியைத்தான் மாதம் 9,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

எனவே இந்த வாரமே 14 மாத பாக்கியான 1,26,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் எனக்கு உள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைச் செலுத்துகிறேன் என்று வக்கீல் மூலம் ஒரு கடிதம் போகட்டும். வாங்க மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் கட்டுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இனி மாதா மாதம் தவறக் கூடாது.

அப்புறம் வழக்கு. கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம், அதாவது 2026 செப்டம்பருக்குள் போட்டாக வேண்டும். நீதிமன்றக் கட்டணம் விலையில் 3 சதவீதம், 1,38,000 ரூபாய். போட்டால், கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். ஜெயிப்பேன் என்ற நம்பிக்கையில் அதைக் கேட்காமல் விட்டு, முன்பணத்துக்கும் திண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் வழக்குப் போட அவசரப்படுத்த மாட்டேன். பேசி முடிக்கச் சொல்வேன். 46-க்கு அவர் தரப்போவதில்லை, நீதிமன்றமும் தர வைப்பது கடினம். 65 கேட்பவர் 55, 56-க்கு இறங்கக்கூடும். நீங்கள் வீட்டில் இருக்கும் வரை வெளியாள் யாரும் அவ்வளவு விலைக்குத் துணிந்து வர மாட்டார் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பேச உட்காரும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: பிளான் இல்லாத கட்டடத்துக்கு அன்று வராத கடன் இன்று எப்படி வரும்? நகை, ஊர் நிலம், பி.எஃப். என்று வேறு வழி இல்லையென்றால் விலை பேசுவதே வீண். 7 லட்சத்தை வட்டியோடு வாங்கிக்கொண்டு, வேறு வீடு பார்க்க ஆறு மாத அவகாசமும் எழுதி வாங்குங்கள். இது தோல்வி மாதிரி தெரியும். பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்து கிடைக்கக்கூடியதும் ஏறக்குறைய இதேதான்.

வாங்குவதென்று முடிவானால், பழைய காகிதத்தின் மேல் புது விலையைப் பேனாவில் திருத்தாதீர்கள். புது ஒப்பந்தம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, தேதி போட்ட கெடு, பழைய 7 லட்சம் வரவு வைத்த விவரம், வாடகை எந்த நாளோடு முடிகிறது என்ற வாசகம் எல்லாம் அதில் வேண்டும். கூடவே மூலப் பத்திரத்தையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். வட சென்னையின் பழைய சந்துகளில் கட்டடம் மட்டும் விற்பவருடையதாகவும், தரை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாகவும் இருப்பது உண்டு. 1921-ம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துத் தரையையும் வாங்கிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோயில் நிலத்துக்கு அந்த வழி 1996-லேயே அடைபட்டுவிட்டது. பத்திரத்தில் 'மேற்கட்டுமானம்' என்று மட்டும் எழுதியிருந்தால் 55 என்ன, 46-ம் கொடுக்காதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க அதை விட நல்ல காரணம் வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து நோட்டீஸோடு அனுப்புங்கள்.