வெனீர் போட்ட பல்லும் நாலு வேளைக் காபியும்

ராயபுரத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. முன்பற்கள் ஆறுக்கு வெனீர், அதாவது பல்லின் முகப்பை மூடி ஒட்டும் மெல்லிய ஓடு, போட்டு இரண்டு மாதம் ஆகிறது. "ஒரு நாளைக்கு நாலு காபி குடிப்பேன். பல் கறுத்துவிடும், காபியை விட்டுவிடு என்று கடையில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இப்போதே ஈறு ஓரமாக லேசாக ஒரு பழுப்புக் கோடு தெரிகிறது. அம்மா சிவப்புப் பல்பொடி வைத்துத் தேய்க்கச் சொல்கிறார். தேய்க்கலாமா?"

தேய்க்காதீர்கள். அந்தப் பல்பொடி டப்பாவை முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், காபியைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் பல்லின் மேல் இருப்பது அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய ஓடு. அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் வரைதான் கறை வழுக்கிக்கொண்டு போகும். பல்பொடி, உப்பு, கரி, 'ஒயிட்டனிங்' என்று விற்கும் சொரசொரப்பான பேஸ்ட் எல்லாமே அந்த வழவழப்பைக் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் காபி குடியேறிவிடும். கறையைப் போக்கத் தேய்த்தது கறைக்கே இடம் செய்து கொடுத்ததாகிவிடும். மிருதுவான பிரஷ்ஷும் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டும் போதும்.

சரி, காபி. உங்கள் வெனீர் எந்த ரகம் என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அதை நீங்கள் எழுதவில்லை. மருத்துவர் பல்லை லேசாக இழைத்து, அளவெடுத்து, தற்காலிகமாக ஒன்றை மாட்டி அனுப்பி, சில நாள் கழித்து லேபில் இருந்து வந்ததை ஒட்டினார் என்றால் அது பெரும்பாலும் செராமிக். ஒரே நாளில், நீங்கள் நாற்காலியில் இருக்கும்போதே மாவு மாதிரி ஒன்றைப் பல்லில் அப்பி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார் என்றால் அது காம்போசிட். செராமிக்கின் முகப்பில் காபி ஏறவே ஏறாது என்று சொல்லலாம். நம் வீட்டுப் பீங்கான் கோப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். காம்போசிட் அப்படி இல்லை. அது ஒருவகைப் பிசின். மெல்ல மெல்ல நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகிப் போகிறதே, அந்த மாதிரி. அதனால் காம்போசிட் என்றால் காபியைவிட மஞ்சள் தூக்கலாகப் போட்ட மீன் குழம்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஆனால் காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் குழம்பை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாப்பிட்டதும் வாயை நன்றாகக் கொப்பளித்துவிடுங்கள். நிறம் ஏறினாலும் காம்போசிட்டை மருத்துவர் பாலிஷ் போட்டு ஓரளவு மீட்டுவிட முடியும்.

இரண்டு ரகத்துக்கும் பொதுவான பலவீனம் ஓரம்தான். வெனீர் முடிந்து உங்கள் சொந்தப் பல் தொடங்கும் இடத்தில் ஒட்டிய பசை மயிரிழை அளவுக்கு வெளியே தெரியும். காபியும் டீயும் தேடிப் போவது அந்த இடத்தைத்தான். எங்கள் தண்டையார்பேட்டை கிளினிக்குக்கு வந்த ஒருவர், "வெனீரே பழுத்துப் போச்சு டாக்டர்" என்று அழாத குறையாகச் சொன்னார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, உதட்டைத் தூக்கிக் காட்டினேன். முகப்பு முத்து மாதிரி பளபளத்தது. ஈறை ஒட்டி மட்டும் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி பழுப்பு. கூரான கருவியை அதன் மேல் ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. வெறும் மேல்கறை. பத்து நிமிட பாலிஷில் போய்விட்டது. கருவி தட்டி நின்றிருந்தால் கதை வேறு. இடைவெளி விழுந்திருக்கிறது, உள்ளே சொத்தை தொடங்கலாம் என்று அர்த்தம்.

உங்களுக்கு இரண்டே மாதத்தில் கோடு தெரிகிறது என்பதால் ஆறு மாதச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒட்டியவரிடம் போய்க் காட்டுங்கள். மிச்சப் பசை ஓரத்தில் தங்கியிருந்தாலும் இப்படித் தெரியும். பல் சுத்தம் செய்ய வேறு எங்காவது போனால், வெனீர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிரும் ஸ்கேலிங் கருவி ஓரத்தில் பட்டால் சில்லு பெயரக்கூடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டியபோது ஈறுக்கென்று மவுத்வாஷ் கொடுத்தார்களா? பாட்டிலில் குளோர்ஹெக்சிடின் என்று போட்டிருந்தால், அதையும் காபியையும் அடுத்தடுத்து வாயில் விட்டால் பழுப்புக் கறை வேகமாகப் படியும். இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்ததைப் பலர் மாதக்கணக்கில் கொப்பளிக்கிறார்கள். அப்படி இருந்தால், நிறுத்தலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

காபியை நீங்கள் விட வேண்டியதில்லை. எத்தனை டம்ளர் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். பில் கவுண்டரில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒவ்வொரு வாயாக உறிஞ்சினால், கறையும் சர்க்கரையும் அத்தனை நேரமும் அந்த ஓரத்தில் ஊறும். பத்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் பாதி வேலை முடிந்தது. பால் கலந்த காபி கடுங்காபியைவிடத் தேவலை. பாலில் உள்ள புரதம் கறைப் பொருளைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெனீருக்குச் சொத்தை வராது, அதைத் தாங்கும் பல்லுக்கு வரும். குடித்த உடனே பிரஷ்ஷை எடுக்காமல் அரை மணி நேரம் விட்டுத் தேய்க்கலாம்.

அப்புறம், பக்கத்துப் பற்கள். வெனீர் போட்ட ஆறும் அப்படியே இருக்க, மற்றவை காபியால் நிறம் மாறினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சொந்தப் பல்லை பிளீச் செய்து வெளுக்க வைக்கலாம், வெனீரை முடியாது. தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரவில் மாட்டிக்கொள்ள உறை செய்து தருவார்கள்.

இன்னொரு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. டபராவில் நன்றாக ஆற்றி, டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்துப் பழகுங்கள். காபி முன்பற்களில் அவ்வளவாகப் படாமல் நேராக உள்ளே போய்விடும்.