வாசித்துக் காட்டும்வரை

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதி ரசாயன ஆலையின் விரிவாக்கத்துக்காகச் சென்ற மாதம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மைக் முன்னால் நின்றேன். முன்வரிசை முழுக்க ஆலைத் தரப்பு வேனில் அழைத்துவந்த ஆட்கள். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். குரல் நடுங்கியது. பாதி சொல்வதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மனம் வெறுத்து, நண்பர்களுடன் அப்போதே வெளியேறிவிட்டேன். வீட்டில் ‘உனக்கு எதற்கு இந்த வேலை’ என்கிறார்கள். அலுவலகத்தில் ‘வெளிநாட்டுப் பணம் வாங்கும் கூட்டம்’ என்று கேலி. இதெல்லாம் வெறும் சடங்குதானா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால்தான் ஏதாவது செய்யமுடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் ஒரு பழைய கோப்பு திறந்து கிடந்தது. உங்கள் கூட்டத்தைப் போன்ற ஒரு கூட்டத்தின் பதிவுக் குறிப்பு அது. சில நாட்களாக அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

குரல் நடுங்கியதற்கு வெட்கப்படவேண்டாம். ஆட்சியரும் காவலர்களும் முந்நூறு அந்நியர்களும் பார்த்துக்கொண்டிருக்க, பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் நடுங்கத்தான் செய்யும். வீட்டார் பயப்படுவது உங்கள் மேல் உள்ள பாசத்தால், அவர்களிடம் கோபப்படாதீர்கள். வெளிநாட்டுப் பணம் என்று கேலி செய்பவர்களுக்குப் பதில் சொல்லி ஒரு மாலைப்பொழுதைக்கூட வீணாக்காதீர்கள். சொந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேச யாரும் யாரிடமும் காசு வாங்கவேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. ‘அப்போதே வெளியேறிவிட்டேன்.’ ஏன் வெளியேறினீர்கள்? கோபமாகத்தான் கேட்கிறேன். கூட்டம் முடியவில்லையே!

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை நீங்கள் படித்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். படிக்கவில்லை என்றால், கூட்டத்துக்குப் போகுமுன் படிக்காதது முதல் தவறு. அதன் நான்காம் பின்னிணைப்பு இந்தக் கூட்டம் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தலைமை ஏற்பவர் மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு தரவேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்கவேண்டும். இவற்றையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று அதில் இருக்கிறது. மக்கள் சொன்ன கருத்துகளின் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி எழுதவேண்டும். கூட்டத்தின் முடிவில் வந்திருப்பவர்கள் எதிரில் அதை வாசித்து, உள்ளூர் மொழியில் விளக்கவேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்ட குறிப்பில்தான் ஆட்சியர் தரப்பு அன்றே கையெழுத்திடவேண்டும்.

ஒப்புக்கொள்ள வேண்டியவர் நீங்கள். ஒப்புக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் டீக்கடையில் நின்று ‘எல்லாம் சடங்கு’ என்று பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பதினைந்து ஆண்டுகள் இருக்கும். கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஏற்கெனவே இருந்த தொழிற்சாலையைப் பெரிதாக்குவதற்கான கூட்டம். நான் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நிலத்தடி நீர், மீன்வளம், சாம்பல், எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னேன். கைதட்டினார்கள். மதியம் இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மாலையில்தான். நிறைவோடு கிளம்பிவிட்டேன்.

எனக்குப் பிறகு மீன்கூடை சுமக்கும் ஒரு பெண்மணி பேசியிருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொன்னது இரண்டே வாக்கியம்: “எங்கள் தெருக் கிணறு மூன்று வருடமாக உப்புக் கரிக்கிறது. இவர்கள் போர்வெல் போட்ட பிறகுதான் அப்படி ஆனது.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

சில மாதம் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்து அந்தக் குறிப்பின் நகலை வாங்கினேன். என் பேச்சைத் தேடினேன். ‘சிலர் சுற்றுச்சூழல் குறித்துக் கருத்துத் தெரிவித்தனர்.’ அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடம், அந்த ஒரு வரி.

இரண்டாம் பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு வரி இருந்தது: ‘ஒரு பெண் தங்கள் தெருவுக்குக் குடிநீர் வசதி செய்துதருமாறு கேட்டுக்கொண்டார்.’ அந்த வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, இடம் போதாமல் ஓரம்வரை வளைந்துபோகும் கையெழுத்தில், அந்தப் பெண்மணி சொன்ன இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருந்தன. பக்கத்தில் அலுவலரின் சுருக்கொப்பம்.

கிராமத்துக்குப் போய் விசாரித்தேன். குறிப்பை வாசித்தபோது மீதமிருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லையாம். ‘குடிநீர் வசதி’ என்று கேட்டதும் அந்தப் பெண்மணி எழுந்துவிட்டார். “நான் தண்ணீர் கேட்கவில்லை. எங்கள் தண்ணீர் கெட்டுப்போனது என்று சொன்னேன். அதை எழுதுங்கள்.” எழுதியவர் இரண்டும் ஒன்றுதான் என்றிருக்கிறார். அந்தப் பெண்மணி நகரவில்லை. எழுதும்வரை மேசை முன்னாலேயே நின்றிருக்கிறார்.

இரண்டும் ஒன்றா, க.? ‘வசதி வேண்டும்’ என்றால் ஆலை ஒரு தொட்டி கட்டித் திறப்புவிழா நடத்திவிடும். ‘கெட்டுப்போனது’ என்றால் யார் கெடுத்தது என்ற கேள்விக்கு நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாகவேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் புகாரெல்லாம் கோரிக்கையாக மாறுவது இப்படித்தான். ‘என் வயல் போய்விட்டது’ என்பது ‘வேலைவாய்ப்புக் கேட்டனர்’ ஆகிவிடும். ‘மூச்சுவிட முடியவில்லை’ என்பது ‘மருத்துவ முகாம் கோரினர்’ ஆகிவிடும். அனுமதி பற்றிப் பரிந்துரை செய்யும் நிபுணர் குழு உங்கள் குரலைக் கேட்கப்போவதில்லை. அவர்கள் கையில் இருப்பது அந்தக் காகிதம்.

அன்று பஸ்ஸைப் பிடித்ததற்காக நான் இன்னும் வருந்துகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் காதால் கேட்டுத் திருத்திய ஆவணத்தை, நான்கு புத்தகம் எழுதிய நான் கேட்கக்கூடக் காத்திருக்கவில்லை.

உரக்க வாசிப்பதன் வலிமையை ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். அருணா ராயும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994-இல் கிராமங்களில் பொது விசாரணை நடத்தியபோது செய்தது இதைத்தான்: அரசு வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது வருகையும் கூலியும் எழுதும் பதிவேட்டை, ஊர் நடுவில் வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களுக்கும் இறந்துபோனவர்களுக்கும் கூலி எழுதப்பட்டிருந்தது கூட்டத்திலேயே வெளிப்பட்டது. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. அங்கிருந்து கிளம்பிய கோரிக்கைதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து, என் கைக்கு அந்த நகலைக் கொடுத்தது.

சடங்குதானா என்று கேட்டீர்கள். சத்தீஸ்கரின் ராய்கட் மாவட்டத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காக 2008 ஜனவரியில் நடந்த கூட்டத்தில் மக்கள் மீது தடியடி நடந்தது. அனுமதியும் கொடுத்தார்கள். இணையக் கடை நடத்திவந்த ரமேஷ் அகர்வாலும் உள்ளூர் அமைப்புகளும் விடவில்லை. கூட்டம் முறையாக நடக்கவில்லை என்ற வழக்கில் 2012-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு அவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். 2014-இல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது. நடந்ததை நடந்தபடி நிறுவும் ஆவணங்களைச் சேர்ப்பது என்பது அங்கே உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை. உங்களைத் தடுத்தது மனக்கசப்பு மட்டும்.

இப்போது செய்யவேண்டியது. நடவடிக்கைக் குறிப்பை எட்டு நாளுக்குள் வாரியம் மேலே அனுப்பவேண்டும் என்பது விதி. ஆகவே அது போயிருக்கும். தகவல் அறியும் மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தக் குறிப்பைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கவேண்டும். நேரில் போய்க் கேளுங்கள். வைக்கவில்லை என்றால் வைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வீடியோப் பதிவின் நகலையும் மனுவில் கேளுங்கள், உங்களிடமிருந்து மைக் பிடுங்கப்பட்ட காட்சி அதில் இருக்கவேண்டும். நீங்கள் சொல்லவந்த மீதியை ஒரே பக்கத்தில் எழுதி, நான் சொன்ன அந்த நிபுணர் குழுவின் உறுப்பினர் செயலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்வரை ஏற்பார்கள். நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். இதற்கெல்லாம் ஒரு சனிக்கிழமையும் அரை நாள் விடுப்பும் போதும். நகல் கிடைத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் மூன்று நிமிடம் அதில் எத்தனை வரியாக இருக்கிறது என்று பார்ப்போம்.