மூன்று நோட்டுகள்

அன்புள்ள ஐயா,

எழுதுபொருள்களைப் பற்றி மூன்று வருடமாக வலைப்பதிவு எழுதுகிறேன். தனியாளாகத் தொழில் செய்கிற இருபது பேரிடம் விமர்சனத்துக்கும் வாசகர் பரிசுக்கும் பொருள் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு பேர் மறுத்தார்கள். மற்ற பதினெட்டுப் பேரும் பதிலே போடவில்லை. எனக்கு வாசகர்கள் குறைவு என்பதாலா? எத்தனை பேர் இருந்தால் மதிப்பார்கள்? அனுப்பியதை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எண்ணிக்கையை விடுங்கள். நோட்டைத் தடவிப் பார்த்து வாங்குகிற முந்நூறு பேர் உங்களைப் படித்தாலே போதும். போன மாதம் எத்தனை பேர் வந்தார்களோ அதை உள்ளபடி எழுதுங்கள்.

இணைத்திருந்ததைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘உங்கள் தயாரிப்புகள் மிக அருமை’ என்று ஆரம்பிக்கிறீர்கள். எந்தத் தயாரிப்பு? இருபது பேருக்கும் இதே வரிதானே போயிருக்கிறது? நாலாவது வரியில் ‘உங்களுக்கு இலவச விளம்பரம்’ என்கிறீர்கள். அந்த ‘இலவச’த்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போன வாரம் முழுக்க அக்காவோடு இதைப் பற்றித்தான் பேச்சு.

அக்கா கையால் நோட்டு தைக்கிறாள். தாளை மடித்து, ஊசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் கோத்து, முதுகில் பசை தடவி, கனமான பலகையை ஏற்றி ஒரு ராத்திரி வைப்பாள். அட்டை மறுநாள்தான். வாரத்துக்குப் பத்து தேறினால் அதிகம். ஒருமுறை ஒரு பதிவர் விமர்சனத்துக்கு ஒன்று, பரிசுக்கு இரண்டு என்று கேட்டு எழுதியிருந்தார். நடுவில் ஓர் இடத்தில் ‘உங்கள் சோப்புகள்’ என்று வந்தது. யாருக்கோ எழுதியதை மாற்ற மறந்துவிட்டார் போல. அக்கா சிரித்தாள், அப்புறம் மூன்றையும் அனுப்பியும் வைத்தாள். கூரியர் செலவும் அவளுடையதுதான்.

விமர்சனம் வரவில்லை. பரிசு யாருக்குப் போனது என்றும் தெரியவில்லை. நாலு மாதம் கழித்து அந்தத் தளத்தில் வேறு ஏதோ பொருளின் படம் ஒன்று வந்தது. அதில் ஒரு கோப்பைக்கு அடியில் அவளுடைய நோட்டு கிடந்தது, அட்டையில் வட்டமாகக் கறையோடு. அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “தையல் விடலைடா, நல்லாத்தான் நிக்குது” என்றாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், முதல் நோட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஒரு மாதம் அதில் எழுதுங்கள். மை ஊறுகிறதா, விரித்து வைத்தால் படிந்து நிற்கிறதா என்று பாருங்கள். அதைப் பதிவாகப் போட்டுவிட்டு, பதிவையும் சேர்த்து அனுப்பி, பரிசுக்கு மட்டும் ஒன்று கேளுங்கள். எல்லாருக்கும் இப்படிச் செய்யக் கையில் காசு ஏது என்பீர்கள். சரி, இருபது பேருக்கு எதற்கு எழுத வேண்டும்? மூன்று பேருக்கு எழுதுங்கள். என்ன செய்வீர்கள் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பதிவு எந்தத் தேதியில் வரும், எத்தனை படம் இருக்கும், வென்றவருக்கு யார் அனுப்புவது, செலவு யாருடையது. வெளிநாட்டு வாசகர் ஜெயித்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் எழுதுவேன் என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று. ‘லிங்க் தருகிறேன், கூகுளில் மேலே வருவீர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே அழியுங்கள். பொருளை வாங்கிக்கொண்டு அதற்காகத் தருகிற லிங்க்கைக் கூகுள் முறைகேடாகத்தான் பார்க்கிறது. அப்படிப்பட்ட லிங்க்குகளுக்கென்று 2019இல் ‘ஸ்பான்சர்டு’ என்ற தனிக் குறியையே கொண்டுவந்தார்கள். அந்தக் குறியைப் போட்டால் நீங்கள் சொல்லும் ஏற்றம் அவருக்குக் கிடைக்காது, போடாவிட்டால் விதிமீறல். உங்களால் தர முடியாததைத் தருவதாகச் சொல்லிப் பொருள் கேட்பதற்கு என்ன பெயர், நீங்களே சொல்லுங்கள். இலவசமாக வந்தது என்பதைப் பதிவின் மேலேயே எழுதிவிடுங்கள், கடைசி வரியில் ஒளிக்க வேண்டாம். பதிவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2009இலேயே வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டது.

பதில் போடாத பதினெட்டுப் பேருக்கும் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

அக்காவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். “பொண்ணு நல்லாத்தான் எழுதுது. ஆனா கோடு போட்ட நோட்டா, போடாததான்னு சொல்லலையே” என்றாள்.