தந்தை செல்வா: சட்டத்தரணியும் எம்.பி.யும் (கேள்வி பதில்)

இலங்கைத் தமிழர் ‘தந்தை செல்வா’ என்று அழைக்கும் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: அண்ணை, அவர் உண்மையிலேயே பெரிய லோயரா, தலைவரானதால் அப்படிச் சொல்கிறார்களா?

பெரிய லோயர்தான், ஆனால் சிவில் பக்கம். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, கொழும்பில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே சட்டம் படித்தவர். காணி, உறுதி (சொத்துப் பத்திரம்) என்று எழுத்தில் நிற்கிற வழக்குகள்தான் அவருக்குப் பிடி. பேச்சில் ஆளை மயக்க வராது, அது தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் வேலை, அவர் கிரிமினல் லோயர்.

கேள்வி: பிறகு அவரும் ஜி.ஜி.யும் ஏன் பிரிந்தார்கள்?

1947இல் செல்வா ஜி.ஜி.யின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதைக் கொண்டுவந்த அரசிலேயே ஜி.ஜி. அமைச்சரானார். செல்வா 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார் என்பதைப் பலர் சொல்வதில்லை.

கேள்வி: ஒப்பந்தங்களை நம்பி ஏமாந்தவர் என்றால் கோவிப்பீர்களா?

கோபம் என்ன, இரண்டு தரம் நடந்ததுதானே. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவோடு, தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் தரும் பிரதேச சபைகளுக்கு ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் பிக்குமார் பண்டாரநாயக்காவின் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் போய்க் குந்த, மனுஷன் அதைக் கைவிடுவதாக அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 1965இல், அந்த வருஷம் பிரதமரான டட்லி சேனநாயக்காவோடு மாவட்ட சபைகள், அதுவும் கிடப்பில். கையெழுத்து வைத்தவன் அதற்குக் கட்டுப்படுவான் என்பது சிவில் லோயரின் நினைப்பு. கோர்ட்டில் சரி, மீறினால் நீதவான் இருக்கிறார், இங்கே யாரிடம் போய் முறையிடுவது?

கேள்வி: 1972இல் ஏன் எம்.பி. பதவியை விட்டார்?

புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட. முடிந்தால் என் தொகுதியில் நின்று பார் என்று அரசுக்குச் சவால். அரசோ இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. அதற்குள் பார்க்கின்சன் நோய் முற்றி, காதும் மந்தம். இருந்தும் 16 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார்; என் கணக்கில் அவர் வாதாடிய வழக்குகளிலேயே பெரியது அதுதான்.

கேள்வி: அதோடு கோர்ட் பக்கம் போகவில்லையா?

போனார். 1976இல் கட்சித் தோழர் அமிர்தலிங்கம் முதலானோர் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக ட்ரயல்-அட்-பார் (ஜூரி இல்லாமல் நீதிபதிகள் குழு விசாரிக்கும் வழக்கு) நடந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் அறுபதுக்கு மேற்பட்ட சட்டத்தரணிகள் வந்தார்கள். தலைமை தாங்கி வாதாடியவர் ஜி.ஜி., அதே அணியில் செல்வாவும்.