குதிரை ஓரத்தைத் தாண்டி மறுபக்கம் போவது பற்றி

நண்பரே, 48கே ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினிக்கு நீங்கள் எழுதும் சதுரங்க நிரலில் எச்3 குதிரை திடீரென்று பி5-இல் போய் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குதிரையின் மேல் தப்பில்லை, பலகையை 64 பைட்டாக, கட்டத்துக்கு ஒன்றாக, 0 முதல் எண்ணி வைத்ததுதான் வினை. எச்3 உங்கள் கணக்கில் 23, அதோடு குதிரைத் தாவலுக்கு (ஒன்று மேலே, இரண்டு வலப்பக்கம்) 10 கூட்டினால் 33, அது அடுத்த வரிசையைத் தாண்டிய பி5.

பலகையை 128 பைட்டாக்குங்கள், வரிசைக்கு 16, அதில் பாதி வெறும் காலி. இப்போது எச்3 ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) 27, குதிரைத் தாவல் 12, கூட்டினால் 39. அதை ஹெக்ஸ் 88-ஓடு ஆண்ட் செய்து (இரண்டிலும் 1 ஆக உள்ள பிட்களை மட்டும் எடுத்து) பாருங்கள், பூஜ்யம் வரவில்லை என்றால் பலகைக்கு வெளியே, அவ்வளவுதான். 1976-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் கிம்-1 கணினியில், 1 கேபி சொச்சம் நினைவகத்தில், மைக்ரோசெஸ் என்ற சதுரங்க நிரலை ஓட்டியதும் இந்த 88 சோதனையை வைத்துத்தான் (அவர் காலி இடத்தைக்கூட ஒதுக்கவில்லை, காய்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டார்).

அப்புறம் வேகம். ஒவ்வொரு நகர்வுக்கும் எல்டிஐஆர் (நினைவகத் தொகுதியை நகலெடுக்கும் கட்டளை) போட்டு முழுப் பலகையையும் நகலெடுக்கிறீர்கள் போல. பைட்டுக்கு 21 சுழற்சி, 128 பைட்டுக்கு முக்கால் மில்லிவினாடி போய்விடும். நகர்த்துங்கள், வெட்டுப்பட்ட காயை ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கில்) தள்ளுங்கள், திரும்பும்போது எடுத்து வையுங்கள். ஆல்ஃபா-பீட்டாவில் (பயனில்லாத கிளைகளை விட்டுவிடும் தேடல் முறையில்) காயை வெட்டும் நகர்வுகளை முதலில் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

உங்கள் நிரலில் ராணி காவலுள்ள சிப்பாயை வெட்டுவது வேறு கதை: தேடலின் கடைசி ஆழத்தில் நிறுத்திவிடாமல், காய் வெட்டுகள் முடியும்வரை தேடுங்கள். முதலில் குதிரையைச் சரிசெய்யுங்கள்.