ஏழாம் மாதம், முகாம் அட்டை, கொரோனா: பேறுகாலத்துக்கு எங்கே போவது?

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்து இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறோம். மருமகளுக்கு ஏழு மாதம். ஊரடங்கால் இரண்டு மாதமாகச் செக்கப் இல்லை. கொரோனா இல்லையென்று சான்று இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள், முகாம் அட்டை செல்லாது என்கிறார்கள். என்ன செய்வது? (ஜூலை 2021)

பதில்: அம்மா, சான்று விஷயம் இருக்கட்டும். அந்த இரண்டு மாத இடைவெளிதான் எனக்குக் கவலை. ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறுகிற காலம் இது. நாளைக்கே உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியருக்கு, அதான் நர்ஸம்மாவுக்கு, போன் போடுங்கள். பிரஷர், ரத்தம், சிறுநீர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியே 'பிக்மி நம்பர் போட்டாச்சா?' என்றும் கேளுங்கள். கர்ப்பத்தைப் பதிந்ததும் தருகிற எண் அது. தாய் சேய் அட்டையில் 12 இலக்கத்தில் இருக்கும். அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கதவோரம் மாட்டி வையுங்கள். ராத்திரி அவசரத்தில் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்க முடியாது. பிரசவம் பார்க்க இந்த எண் கட்டாயமில்லை. ஆனால் இது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டிவரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் இதுதான் அடிப்படை. மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 தவணையாகப் பணம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முகாம் பெண்களுக்கும் உண்டு. கேட்டு வாங்குங்கள், கூச்சமே வேண்டாம்.

சான்று பற்றி: பரிசோதனை நடக்கவில்லை என்பதற்காகப் பிரசவத்தைத் தள்ளிப்போடக் கூடாது, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020-லேயே சொல்லிவிட்டது. சேர்த்துக்கொண்டு மாதிரி எடுப்பார்கள். பாசிட்டிவ் என்றாலும் பிரசவம் பார்ப்பார்கள். முகக்கவசம் போட்டு, கைகழுவி, தாய்ப்பாலும் கொடுக்கலாம். 2021 ஜூலை 2-ம் தேதியிலிருந்து கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட மத்திய அரசு அனுமதித்திருக்கிறது. போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

பிள்ளை அசைவது குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, உதிரமோ நீரோ போனாலோ, மூச்சு வாங்கினாலோ முகாம் அனுமதிக்கு நிற்காதீர்கள். முதலில் 108. அப்புறம் முகாம் தலைவருக்குப் போன்.

பிள்ளை பிறந்தபின் பலர் கோட்டை விடுவது ஒன்று. இங்கே பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். இங்கே பிறப்பதாலேயே பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை வந்துவிடாது. இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால், அந்நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். அதற்குச் சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரியில் தாய், தகப்பன் பெயரை முகாம் அட்டையில் இருக்கிற எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் திருத்த அலைச்சல்தான்.